பெட்டியை இரவல் கொடுத்த நூலகங்கள்

போன மாசம் என் அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "மாமா, வெளிநாட்டு யுனிவர்சிட்டி லைப்ரரிலயெல்லாம் புக்குக்குப் பதிலா கிண்டிலையே வீட்டுக்குக் குடுத்து அனுப்புவாங்களாமே, நிஜமாவா?" நிஜம்தான்டா என்றேன். உடனே அடுத்த கேள்வி. "அது எதுக்கு? ஃபைலை அனுப்பினா போதாதா?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. தோண்டிப் பார்த்தால் கதை 1930களுக்குப் போகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் நம்ம ஊர். வாலாஜாபாத். (வாலாஜாபேட்டை இல்லைங்க, அது ராணிப்பேட்டைப் பக்கம். இரண்டு ஊருக்கும் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பேர்தான், அதனால் வரும் குழப்பம்.) பாலாற்றங்கரை. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளம் தங்கியிருந்த இடம். இப்போது வண்டலூர் ரோட்டில் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்கள்தான் ஊருக்குக் கடிகாரம். ஒரகடத்தில் காரும் லாரியும் புல்லட்டும், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன். ஆக, கையில் பிடிக்கிற கருவியை எப்படிச் செய்கிறார்கள் என்பது இங்கே வீட்டுக்கு ஒருத்தருக்காவது தெரியும். அந்தக் கருவியை ஒரு நூலகம் இரவல் கொடுப்பது என்றால்தான் புருவம் உயரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அச்சுப் புத்தகத்தில் சிக்கலே கிடையாது. நூலகம் காசு கொடுத்து வாங்கியது, அது நூலகத்தின் சொத்து. யாருக்கு எத்தனை தடவை இரவல் கொடுத்தாலும் பதிப்பாளரிடம் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டன் மாதிரி நாடுகளில் இரவல் போகும் புத்தகத்துக்காக எழுத்தாளருக்கு அரசு ஒரு தொகை கொடுக்கும். இந்தியாவில் அந்த ஏற்பாடும் இல்லை. இந்தச் சுதந்திரத்தை நம் ஊரில் முழுசாகப் பயன்படுத்தியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924ல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். நாம் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டுகிற நூலக வரிக்கு மூலமான 1948 மதராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931ல் வெளிவந்தது. ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பூட்டி வைத்திருந்த காலத்திலிருந்து தொடங்கி வாதாடுகிற ஆசாமி அவர்.

அதே 1931ல்தான் மன்னார்குடி பக்கத்தில் எஸ்.வி. கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இரவல் கொடுக்கக் கிளம்பினார். நடமாடும் நூலகம். வாசகன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகனிடம் போகட்டும் என்ற ஏற்பாடு.

இன்னொன்றும் அதே வருஷம். அமெரிக்க நாடாளுமன்றம் 1931ல் ஒரு சட்டம் போட்டது. பார்வையற்ற பெரியவர்களுக்கு நாட்டின் தேசிய நூலகமே புத்தகம் கொடுக்க வேண்டும் என்று. முதலில் பிரெய்ல். ஆனால் பெரியவர்களான பிறகு பார்வை போனவர்களுக்கு விரல் நுனியால் படிக்கப் பழகுவது சுலபமில்லை. அதனால் 1934 வாக்கில் பேசும் புத்தகம் வந்தது. கிராமபோன் இசைத்தட்டில் ஒருவர் புத்தகத்தை வாசிப்பார், ஒரு பக்கம் சுமார் பதினைந்து நிமிஷம் ஓடும். தட்டு இருந்தால் போதுமா? ஓட்டப் பெட்டி வேண்டுமே. அந்தப் பெட்டியை வாங்குகிற நிலையில் அப்போது பலரும் இல்லை, பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்திலேயே பெட்டிகளைச் செய்ய வைத்தார்கள். 1942க்குள் இருபதாயிரத்துக்கு மேல் செய்தாயிற்று. பெட்டி நூலகத்தின் சொத்து. வாசகருக்கு இலவச இரவல்.

இதைக் கொஞ்சம் மனசில் வச்சுக்குங்க. உலகத்தில் ஒரு நூலகம் பெரிய அளவில் இரவல் கொடுத்த முதல் வாசிப்புக் கருவி, பார்வையற்றவர்களுக்காகச் செய்யப்பட்டது. பின்னால் இது தேவைப்படும்.

அடுத்து 1998க்குத் தாவுகிறேன். அந்த வருஷம் அமெரிக்காவில் ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக் என்று இரண்டு மின்னூல் கருவிகள் கடைக்கு வந்தன. ராக்கெட் ஈபுக் அரைக் கிலோவுக்கு மேல் எடை, பத்து நாவல் கொள்ளும். (அதைச் செய்த நுவோமீடியா கம்பெனியின் நிறுவனர்கள் இரண்டு பேரும் 2003ல் ஒரு கார் கம்பெனி ஆரம்பித்தார்கள். பேர் டெஸ்லா. ஒரகடம் வழியாக தினம் போகிறவனுக்கு இது சுவாரசியமாகத்தான் இருக்கும் :-))

ராக்கெட்டில் வாங்கும் புத்தகம் அந்த ஒரே பெட்டிக்கென்று பூட்டப்பட்டிருக்கும். பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினால் திறக்காது. இப்போது புரிகிறதா, ஃபைலை ஏன் அனுப்ப முடியவில்லை என்று? புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வராது. இரவல் கொடுக்க வேண்டுமானால் பெட்டியோடுதான் கொடுக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் அல்கான்குவின் என்ற சின்ன ஊரின் பொது நூலகம் 1999ல் அப்படியே கொடுக்க ஆரம்பித்தது. பல்கலைக்கழகங்களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் அதே சமயத்தில் இறங்கியது. 2000ல் இரண்டு கம்பெனிகளையும் ஜெம்ஸ்டார் வாங்கியது, 2003ல் ஜெம்ஸ்டார் மின்னூல் தொழிலையே மூடியது. கடை மூடினால் அச்சுப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. பெட்டிப் புத்தகத்துக்குப் புதுசாக எதுவும் வராது, இருப்பதும் பேட்டரி இருக்கும் வரைதான்.

அதே காலத்தில் பெங்களூரில் ஒரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நாலு பேரும் என்கோர் கம்பெனியும் சேர்ந்து செய்த சிம்ப்யூட்டர். 9,000 ரூபாய் வாக்கில் ஒரு கையடக்கக் கணினி, எழுத்தைப் பேசிக் காட்டும், இந்திய மொழிகளில் வேலை செய்யும் என்பது திட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே குரல். எனக்குப் பிடித்த விஷயம் அதிலிருந்த ஸ்மார்ட் கார்டு துளை. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி. ஆளுக்கு ஒரு அட்டை. கருவியை வாடகைக்கோ இரவலோ வாங்கி உங்கள் அட்டையைச் செருகினால் உங்கள் விவரங்களோடு அது உங்களுடையது, அட்டையை உருவினால் அடுத்தவருடையது. பூட்டு பெட்டியில் இல்லை, சாவி ஆள் கையில். இரவலுக்கென்றே வடிவமைத்த கருவி என்று இதைச் சொல்லலாம். 2004ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உதவியோடு விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த மாதிரி விற்கவில்லை, செல்போன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோற்றுப்போன கருவி என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். அந்த அட்டை யோசனைக்காகவாவது அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.

2007 நவம்பர் 19. கிண்டில் வந்த நாள். விலை 399 டாலர், கொண்டுவந்த சரக்கு ஆறு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நூலகங்களுக்கு மறுபடி ஆசை வந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக நூலகம் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. ஒரு மாணவர் கேட்ட புத்தகம் தங்களிடம் இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து தபாலில் தருவிப்பார்கள், நாள் கணக்காகும். அதற்குப் பதில் கிண்டிலில் வாங்கி, கிண்டிலையே மாணவர் கையில் கொடுத்தார்கள்.

இன்னொரு கணக்கும் ஓடியது. ஒரே கணக்கில் பதிவான ஆறு கிண்டில்களில் ஒரே புத்தகத்தைத் திறக்க அமேசான் விட்டுவைத்திருந்தது. ஒரு விலைக்கு ஆறு இரவல்! ஆனால் அமேசான் ஒப்பந்தத்தில், புத்தகம் வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்கு மட்டும், மற்றவருக்கு விநியோகிக்கக் கூடாது என்றும் இருந்தது. பெட்டியை இரவல் கொடுப்பது சரியா தப்பா? சில நூலகர்களுக்கு வாடிக்கையாளர் சேவையில் சரி என்று பதில் வந்தது, சிலருக்குக் கூடாது என்று வந்தது. எழுத்தில் ஒரு தெளிவும் இல்லை. நூலகங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தன. கொடுக்கும் முன் கருவியைக் கணக்கிலிருந்து பிரித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் மாணவர் ஒரு பொத்தானை அமுக்கினால் நூலகத்தின் கார்டில் புத்தகம் வாங்கிவிடலாமே. திரும்பி வந்ததும் மறுபடி சேர்த்து, சார்ஜ் போட்டு, ஒயரும் உறையும் இருக்கிறதா என்று எண்ணி... நூலகருக்குப் புத்தகம் அடுக்குகிற வேலை போய் ஸ்டோர் கீப்பர் வேலை வந்தது.

2009 இந்தக் கதையின் திருப்பம்.

பிப்ரவரியில் வந்த கிண்டில் 2 புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும். எழுத்தாளர் சங்கம் சண்டைக்கு வந்தது, ஒலிப்புத்தக உரிமை தனி என்று. அமேசான் பின்வாங்கி, பேசவிடலாமா வேண்டாமா என்பதைப் பதிப்பாளர் கையில் விட்டுவிட்டது. ஜூலையில் இன்னொரு கூத்து. உரிமை இல்லாத யாரோ விற்ற ஆர்வெல் நாவல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ராவோடு ராவாக அமேசான் அழித்தது. பணம் திரும்பிவிட்டது. ஆனாலும் அழிந்தவற்றில் ஒன்று 1984! எல்லாவற்றையும் மேலே இருந்து ஒருவன் கண்காணிக்கிற கதை. இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

ஆனால் நான் முக்கியம் என்று நினைப்பது இவை இரண்டும் இல்லை. மே மாதம் பெரிய திரையோடு கிண்டில் டிஎக்ஸ் அறிவிக்கப்பட்டது, பாடப்புத்தகத்துக்கென்றே. பிரின்ஸ்டன், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், கேஸ் வெஸ்டர்ன், ரீட், பேஸ் என்று சில இடங்களில் மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதனை. பிரின்ஸ்டனில் அச்சடிக்கிற காகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குறிப்பெழுத வசதியில்லை, பக்க எண் இல்லை என்று மாணவர்கள் முணுமுணுத்தார்கள். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் இது. டிஎக்ஸ் புத்தகத்தைப் பேசிக் காட்டும். ஆனால் மெனு பேசாது. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, எதை அமுக்கினால் பேசும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்குள்ளே பாட்டு ஓடுகிறது, கதவு எங்கே என்று மட்டும் தெரியாது என்கிற மாதிரி. பார்வையற்ற மாணவர் ஒருவரும், பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும், இன்னொரு அமைப்பும் சேர்ந்து 2009 ஜூனில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மற்ற கல்லூரிகள் மேல் அமெரிக்க நீதித்துறையிடம் புகார். நவம்பரில் விஸ்கான்சின், சிரக்யூஸ் பல்கலைக்கழகங்கள், எல்லா மாணவரும் பயன்படுத்த முடிகிற வரை பெரிய அளவில் கிண்டில் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. நூலகங்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2010 ஜனவரியில் அரிசோனா வழக்கு சமரசமானது. தப்பை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இனி கருவி வாங்கினால் பார்வையற்றவரும் பயன்படுத்தக் கூடியதாகப் பார்த்து வாங்க முயல்வோம் என்று பல்கலைக்கழகம் சம்மதித்தது. அந்த ஜூனில் நீதித்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு கடிதம் போட்டன. சில வாரங்களில் அறிவித்த அடுத்த கிண்டிலில் மெனுவும் பேசியது!

1934ல் பார்வையற்றவருக்காகப் பெட்டி செய்து இரவல் கொடுத்த அதே நாடு. எழுபத்தைந்து வருஷம் கழித்து, பேசத் தெரிந்த பெட்டியையே கையில் வைத்துக்கொண்டு அவர்களை வெளியே நிறுத்தியது. வேண்டுமென்று செய்ததில்லை என்பது வாஸ்தவம். யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்க வைக்க கோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இந்தச் சண்டை வேறு பக்கம் நடந்தது. இங்கே பிரச்சினை பெட்டி இல்லை, உரிமை. பார்வையற்ற மாணவருக்காகப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பேசும் வடிவத்துக்கு மாற்றினால் அது காப்புரிமை மீறலா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. 2012 காப்புரிமைத் திருத்தம் அதை அனுமதித்தது. 2013 ஜூனில் மராகேஷ் ஒப்பந்தம், இப்படி மாற்றிய புத்தகங்களை நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ள. அதை உலகத்திலேயே முதலில் உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியா, 2014ல். 2016 ஆகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. அச்சைப் படிக்க முடியாதவர்கள் பதிந்துகொண்டு புத்தகம் இறக்கிக்கொள்ளலாம். பெட்டி இரவல் கொடுக்காமலேயே செய்த நல்ல காரியம்.

அமெரிக்காவில் பெட்டி இரவல் மெல்லத் தேய்ந்தது. 2011 செப்டம்பரில் ஓவர்டிரைவ் மூலம் நூலக மின்னூல் வாசகரின் சொந்த கிண்டிலுக்கே போக ஆரம்பித்தது. அப்புறம் பெட்டி எதுக்கு? ஆனால் பூட்டு இடம் மாறியதே தவிர போகவில்லை. அதே 2011ல் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு விதி போட்டது. நூலகம் வாங்கிய மின்னூல் 26 தடவை இரவல் போனால் காலாவதி, மறுபடி வாங்க வேண்டும். நம்ம கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து, பைண்டிங் பண்ணி, நூற்றுக்கணக்கான தடவை போய் வந்த சாண்டில்யன் புத்தகங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் தமிழ் எங்கே? அது தனி சோகம். கிண்டில் இங்கே முறையாக வந்தது 2012 ஆகஸ்டில், 6,999 ரூபாய்க்கு. கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகம் வந்தது 2016 கடைசியில். அதுவரை ஒரு பல்கலைக்கழக நூலகம் பெட்டி இரவல் கொடுத்திருந்தாலும் தமிழ் இலக்கியம் படிக்கிற மாணவருக்கு அதில் என்ன இருந்திருக்கும்? ஆரம்ப கிண்டில்களில் தமிழ் யூனிகோடு கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அந்த இடைவெளியை அடைத்தவர்கள் கம்பெனிகள் இல்லை, நம்ம ஆட்கள். 1998 பொங்கலுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களை வைத்துச் சங்க இலக்கியம் முதல் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தது. 2013ல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் வந்தது. அவர்கள் செய்த ஒரு சின்ன வேலை எனக்கு மறக்காது. ஒவ்வொரு புத்தகத்தையும் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப் தவிர, 'ஆறு அங்குல பிடிஎஃப்' என்று தனியாக ஒன்றும் போட்டார்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், பக்கம் கிண்டில் திரை அளவு. பெட்டிக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன, படமாகவாவது காட்டட்டும் என்று. எல்லாம் பகிர அனுமதிக்கும் உரிமத்தில். ஆறு பெட்டி என்ன, அறுநூறு பெட்டியில் போட்டு எந்த நூலகமும் இரவல் கொடுக்கலாம், 27ஆவது தடவை யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

இங்கே ஏனாத்தூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இந்த ரோடு முழுக்க இன்ஜினியரிங் கல்லூரிகள். பெட்டிக்கும் பஞ்சமில்லை. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செய்தார்கள், இப்போது ஐபோன். 2021ல் அமேசானே ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை வட்டாரத்தில் கருவி செய்யப் போவதாக அறிவித்தது. கிண்டில் இல்லை, டிவியில் செருகுகிற குச்சி! மாணவர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே தமிழை வாசித்துக் காட்டுகிறது. பெட்டி இரவலுக்கு இன்று பெரிய தேவை இல்லை என்பதே என் எண்ணம்.

தேவை, வாசித்துக் காட்டக் கூடிய தமிழ். இணையத்தில் கிடக்கும் பழைய தமிழ் பிடிஎஃப் பலவும் வெறும் ஸ்கேன் படம். கண்ணுக்குப் புத்தகம், போனின் குரலுக்கு வெற்றுத் தாள். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்களின் ஸ்கேனைத் தமிழ் விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. அவற்றை எழுத்துணரி வைத்து எழுத்தாக்கி, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகத் திருத்துகிறார்கள். சரி பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரி பார்த்தால் பச்சை. நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் நானும் ரெண்டு பக்கம் பார்க்கிறேன். துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொள்வது எழுத்துணரிக்கு வாடிக்கை. அதை அப்படியே விட்டால் போன் 'பாடம்' என்பதைப் 'பரடம்' என்று வாசிக்கும்.